முதலில் நிறுத்துவது யார்

மாதா துணை

அபிஷேகப்பாக்கம்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மாமாவுக்கு ஜோஸ்பின் எழுதிக்கொள்வது. நானும் பிள்ளையும் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை. காலாப்பட்டு ஜெயிலில் உங்களைப் பார்க்க வந்த அன்றைக்குக் கம்பிக்கு இந்தப் பக்கம் ஆளாளுக்குக் கத்தியதில் நீங்கள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னதும் உங்களுக்குக் கேட்டிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி விஜயராஜ் இன்னும் கண் திறக்கவில்லை. தேர் அன்றைக்கு வாய்க்கால் மதகிலிருந்து விழுந்தவன், அதோடு சரி. மண்டைக்குள் கட்டியிருந்த ரத்தத்தை ஆபரேஷன் செய்து எடுத்துவிட்டார்கள். இனி அவனாக எழுந்தால்தான் உண்டு என்கிறார் டாக்டர். அவன் பிழைத்துக்கொண்டால் இது அடிதடிக் கேஸோடு போய்விடும், நீங்களும் ஜாமீனில் வந்துவிடலாம் என்று வக்கீல் சொல்கிறார். இல்லாவிட்டால் என்ன கேஸ் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. என் தம்பியின் உயிரும் என் புருஷனின் விடுதலையும் ஒரே கட்டிலில் படுத்துக் கிடக்கின்றன. நான் யாருக்காக ஜெபமாலை சொல்கிறேன் என்று மாதாவுக்கே குழப்பமாக இருக்கும்.

அம்மா என்னோடு பேசுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு நகர்த்திவிட்டுப் போய்விடுகிறாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து, "உனக்கு தாலி பெருசா, தம்பி பெருசா? இன்னான்னு இப்பவே சொல்லிடுடி" என்று எல்லாரும் பார்க்கக் கேட்டாள். நான் பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டிருப்பேன் மாமா! மாமனும் மச்சானும் ஆளுக்கொரு பேண்டில் இருக்காதீர்கள், ஒருத்தராவது விட்டுத் தொலையுங்கள் என்று. உங்களுக்கு நம் ஊர் சந்தியாகு பேண்டு உசத்தி, அவனுக்கு இந்த ஊர் வெற்றிமுரசு உசத்தி. மத்தியானம் நான் ஆக்கிய கறிக்குழம்பை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவீர்கள், சாயங்காலம் தெருவில் மூக்குக்கு மூக்கு நின்றுகொண்டு நீங்கள் பெரிய டிரம்மை இடிப்பீர்கள், அவன் பியூகிளை உங்கள் முகத்துக்கு நேரே ஊதுவான். எதிரெதிரே வந்த பேண்டில் எது முதலில் நிறுத்துகிறதோ அது ஒதுங்கி வழிவிட வேண்டும், அடுத்த திருவிழா வரைக்கும் ஊரெல்லாம் அதைச் சொல்லியே கேலி செய்யும். இந்த எழவு வீம்பில் எத்தனை தொப்பி பறந்தது, எத்தனை டிரம் கிழிந்தது, எத்தனை பேர் பல் போனது! சொன்னால், "அதெல்லாம் சும்மா வெளாட்டுடி" என்று இரண்டு பேரும் ஒரே மாதிரி சிரிப்பீர்கள்.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். காதருகே ஏதாவது பேசிக்கொண்டே இருங்கள் என்று நர்ஸ் சொன்னாள். எனக்குப் பேச்சு வரவில்லை. போன கிறிஸ்மஸுக்கு அவன் ஊதியதைப் போனில் எடுத்து வைத்திருந்தேன் இல்லையா, அதைப் போட்டுக் காதில் வைத்தேன். மாமா, அவன் உதடு குவிந்தது! ஊதப் போகிறவன் மாதிரியே குவிந்தது. அம்மாவும் பார்த்தாள். நர்ஸைக் கூப்பிட்டால், "அது தானா அப்படி ஆவும்மா, அதை வெச்சி ஒண்ணும் நெனைக்காதீங்க" என்கிறாள். அவள் கிடக்கிறாள். நான் தினமும் போட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

நம் வீடு பூட்டிக் கிடக்கிறது. ஆட்டைக் கஸ்தூரி அக்கா பார்த்துக்கொள்கிறார்கள். மழை பெய்தால் பின்பக்கம் ஒழுகுமே என்று நினைத்தேன், அப்புறம் ஒழுகினால் ஒழுகட்டும் என்று விட்டுவிட்டேன். வெண்ணிலா உங்களைக் கேட்கிறாள், வெளியூருக்கு வாசிக்கப் போயிருக்கிறீர்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன். சாப்பிடும்போது உங்களை மாதிரியே தட்டில் தாளம் போடுகிறாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். விஜிக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள். நீங்கள் வேண்டிக்கொண்டால் மாதா கேட்பாளோ என்னவோ, இருந்தாலும் வேண்டிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஜோஸ்பின்


மாதா துணை

அபிஷேகப்பாக்கம்,
வெள்ளிக்கிழமை

மாமாவுக்கு,

விஜி போய்விட்டான். வக்கீல் சொல்லி உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் டீ வாங்கக் கீழே போயிருந்தேன். திரும்பி வரும்போது அம்மா கட்டிலோரம் தரையில் உட்கார்ந்து அவன் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். போன் தலையணை மேலே அதுபாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது.

அடக்கத்துக்குப் பேண்டு இல்லை மாமா. கலாட்டா அன்றைக்கே போலீஸ்காரர்கள் இரண்டு பேண்டின் சாமான்களையும் அள்ளிக்கொண்டு போய் ஸ்டேஷனில் போட்டுவிட்டார்கள். நெட்டப்பாக்கத்திலிருந்து வேறு செட் கூப்பிடலாம் என்று சித்தப்பா கேட்டதற்கு, ஊர்வலத்தில் ஒரு டிரம் சத்தம் கேட்டாலும் தூக்கி உள்ளே போட்டுவிடுவோம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனை சாவு வீட்டுக்கு அவன் ஊதியிருப்பான்! காசு தராத வீட்டுக்குக்கூடப் போய் ஊதுவானே! அவனைத் தூக்கிக்கொண்டு போகும்போது செருப்புச் சத்தம்தான் கேட்டது. கோயில் மணி அடித்து ஓய்ந்த பிறகு அந்தச் சத்தத்தைத் தாங்க முடியவில்லை.

உங்கள் பேண்டு ஆட்களும் வந்திருந்தார்கள். யூனிஃபார்ம் போடாமல், வெறுங்கையோடு, தெருமுனையிலேயே தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். இந்த ஊர்ப் பையன்கள் அடிக்கப் பாய்ந்தார்கள். அம்மாதான் தடுத்தாள். "உடுங்கடா, எம் புள்ளைய எடுத்துனு போவணும்" என்றாள்.

இனி எழுதப்போவதை நிதானமாகப் படியுங்கள்.

நேற்று வக்கீல் வந்தார். முகத்தில் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது. கொலைக் கேஸாக மாற்றியிருக்கிறார்கள், ஆனாலும் பயப்பட வேண்டாம், யாரோ உங்களுக்குப் பின்னால் நின்று எடுத்த வீடியோ கிடைத்திருக்கிறது என்றார். போனில் போட்டும் காட்டினார். அதில் உங்கள் இரண்டு கையும் தெரிகிறது. தொடக்கத்திலிருந்து கடைசி வரைக்கும் இரண்டு கையிலும் குச்சி, ஒரு அடிகூடத் தவறவில்லை. கை இரண்டும் வாசித்துக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் இன்னொரு ஆளை எப்படித் தள்ள முடியும், அவனாகத்தான் கால் இடறி விழுந்தான் என்று கோர்ட்டில் சொல்லப்போகிறாராம். செத்தவனுடைய அக்காவே அப்படிச் சொன்னால் கேஸ் நிற்காது, நான் அப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லி அனுப்பியதாகவும் சொன்னார்.

பின்னால் நின்று எடுத்தவனுக்கு உங்கள் முதுகுதான் தெரியும். நான் மதகுக் கட்டையோரம் நின்றிருந்தேன். எனக்கு டிரம்மின் முன்பக்கம் தெரிந்தது. நீங்கள் கையால் தள்ளவில்லை, ஒத்துக்கொள்கிறேன். தோளில் மாட்டிய டிரம்மாலேயே அவனை நெட்டிக்கொண்டு போனீர்கள். நெஞ்சில் இடித்து இடித்து, ஒவ்வொரு அடியாக. அவன் பியூகிளை வாயிலிருந்து எடுக்காமல் பின்னால் போனான், எடுத்தால் தோற்றவன் ஆகிவிடுவானே! மதகு வந்துவிட்டது என்று நான் கத்தினேன். அந்தச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. கடைசியாக ஒரு இடி இடித்தீர்கள்.

அதைக்கூட மன்னித்துவிடுவேன் மாமா. சத்தியமாகச் சொல்கிறேன். ஆத்திரத்தில் இடித்துவிட்டீர்கள், அவன் விழுவான் என்று நினைத்திருக்க மாட்டீர்கள். நெஞ்சு ஆறாதது அதற்கப்புறம் நடந்ததுதான். டிரம்முக்கு மேலே எட்டி அவனைப் பார்த்தீர்கள். கீழே சிமெண்டுக் கட்டையில் தலை சாய்ந்து ரத்தம் போய்க்கொண்டிருந்தது. அப்புறம் என்னைப் பார்த்தீர்கள். பார்த்துக்கொண்டே வாசித்தீர்கள். அவன் பேண்டும் நிறுத்தவில்லை, இன்னொருத்தன் அவன் இடத்தில் வந்து நின்று ஊதினான். நான் வாய்க்காலில் இறங்கி, அவன் தலையை மடியில் போட்டுக்கொண்டு, தூக்குங்களேன், யாராவது வாங்களேன் என்று மாரில் அடித்துக்கொள்கிறேன், மேலே இரண்டு பேண்டும் வாசிக்கின்றன. கடைசியில் அவன் பேண்டுக்காரர்கள்தான் முதலில் நிறுத்தினார்கள். நீங்கள் இரண்டு குச்சியையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினீர்கள். அதுவும் வீடியோவில் இருக்கிறது. வக்கீல் அதைப் பார்க்காமல் தாண்டிப் போனார்.

கடவுளே, இந்தக் கையைத்தானே பிடித்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தேன்!

அவன் கால் இடறி விழுந்தான் என்று என்னால் சொல்ல முடியாது. உங்களைக் காட்டிக்கொடுக்கவும் எனக்கு நாக்கு எழுமா, தெரியவில்லை. கூண்டில் ஏறி உங்கள் முகத்தைப் பார்த்தால் செத்துவிடுவேன். வெண்ணிலாவுக்கு விவரம் தெரியும் வயது வந்தால், அப்பாவை நான் உள்ளே அனுப்பினேன் என்று சொல்வதா, மாமனைக் கொன்ற ஆளோடு குடித்தனம் செய்தேன் என்று சொல்வதா? எந்தப் பக்கம் திரும்பினாலும் இருட்டாக இருக்கிறது. அம்மா இப்போது ஒன்றும் கேட்பதில்லை. அவன் பியூகிள் மாட்டியிருந்த ஆணியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அதனால் உங்களிடம்தான் கேட்கிறேன். கல்யாணம் ஆனதிலிருந்து உங்களிடம் நான் பெரிதாக எதையும் கேட்டதில்லை. நான் கூண்டில் ஏறுவதற்கு முன்னால் நீங்களே நடந்ததைச் சொல்லிவிடுங்கள். ஒரே ஒரு தடவை, எனக்காக, நீங்கள் முதலில் நிறுத்துங்கள் மாமா.

ராத்திரியில் பனி விழுகிறது, காதை மூடிக்கொண்டு படுங்கள். மாதா உங்களைக் கைவிடாமல் இருக்கட்டும்.

ஜோஸ்பின்