எண் இடாத கல்

அன்பிற்கும் மதிப்பிற்கும் உரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. இக்கடிதத்தில் ஓர் ஒப்புதல் வாக்குமூலமும் ஒரு நல்ல செய்தியும் உண்டு. முறைப்படி ஒப்புதலை முதலில் வைக்கிறேன்.

உங்கள் கருமாதிக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையில் கல் நிறுத்த வேண்டியிருந்தது. அந்தக் கல்லை நீங்களாகவே பாவித்துப் படையலிட்டு, முடிவில் உங்கள் மகன் செந்தில் அதைக் கடலில் விட வேண்டும். கரையில் மணலைத் தவிர வேறொன்றும் கிடைக்காது என்றே நினைத்தேன். எனவே வீட்டிலிருந்தே ஒரு கல்லை எடுத்துவரும் பொறுப்பு என்னிடம் வந்தது. உங்கள் அறையில்தான் கல்லுக்குப் பஞ்சமில்லையே.

சிதம்பரத்தில் அத்தனை ஆண்டுகள் பாறையியல் நடத்திய நீங்கள், அலமாரி முழுவதும் கற்களை அடுக்கி, ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சாயத்தில் எண் எழுதி வைத்திருந்தீர்கள். என் கண்ணோ நீதிமன்றத்தில் பழகியது. எண் இட்ட பொருள் சான்று. அதைத் தொடக் கூடாது. சன்னலோரத்தில் எண் இல்லாமல் ஒரு சாம்பல் நிறக் கல் இருந்தது. அதை எடுத்துத் துண்டில் சுற்றிப் பையில் வைத்தேன். எடை குறைவாகத்தான் இருந்தது. ஆயினும் எனக்கு எந்த ஐயமும் எழவில்லை என்பதைத் தங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

செந்தில் கடலில் இறங்கி, திரும்பிப் பாராமல் கல்லைத் தோளுக்குப் பின்னால் விட்டான். கல் மிதந்தது. அடுத்த அலை அதைக் கொண்டுவந்து அக்காவின் காலருகே போட்டது. இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை அதைத் தொட யாரும் முன்வரவில்லை.

ஆத்மா போக மனமில்லாமல் நிற்கிறது, சடங்கை முதலிலிருந்து செய்தாக வேண்டும் என்றார் சேத்தியாத்தோப்புச் சித்தப்பா. உங்களோடு தினமும் காலையில் கரையில் நடப்பாரே, படகுக்காரர் கலியமூர்த்தி, அவர்தான் கல்லைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"இது நம்ம சாரு இதே கரையில பொறுக்கன கல்லு. வூட்ல குதிகால் தேய்க்கக் குடுங்க சார்னு நான்கூட கிண்டல் பண்ணேன்."

யாரும் சிரிக்கவில்லை. அக்கா கல்லை முந்தானையில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. "அவருக்கு என்னமோ கொறை இருக்குது. நான் என்னத்தடா செய்யாம வுட்டேன்?" என்று என்னிடமே கேட்டாள். கல்லைத் தேர்ந்தெடுத்தவன் நான். பதில் சொல்லாமல் எத்தனை நாள் இருக்க முடியும்?

வழக்குக் கட்டைப் படிப்பதுபோல உங்கள் குறிப்பேடுகளைப் படித்தேன். பெரும்பகுதி, கப்பலில் போய்ப் பார்த்துவந்த அந்தமானின் பாரன் எரிமலைத் தீவைப் பற்றியது. கடலடியிலிருந்து எழுந்த பெரிய மலை வெடித்துத் தன் தலையையே இழந்தது. சுற்றுச்சுவர் மட்டும் வளையமாக எஞ்சியது. அந்தப் பள்ளத்தின் நடுவில் ஒரு சிறு மலை, சாம்பலும் குழம்புமாகத் தன்னைத்தானே கட்டிக்கொண்டு எழுந்தது. எரிந்து முடிந்த இடத்தில்தான் தீவு மறுபடி வளர்கிறது என்று எழுதி, கீழே கோடிட்டிருந்தீர்கள். அந்தக் கோடு யாருக்காக, மச்சான்?

சன்னலோரக் கல்லுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். வெடிக்கும் மலையில், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல், குழம்பில் அடைபட்ட வாயு ஒரே நேரத்தில் விடுபடுகிறது. நுரைத்த குழம்பு நுரையாகவே உறைந்துவிடுகிறது. அந்தக் கல்லுக்குள் காற்றே அதிகம், மாதக்கணக்கில் மிதக்கும், தண்ணீர் ஊறிய பிறகே மூழ்கும். பக்கத்தின் அடியில் ஒரு வரி: "எந்தத் தீவிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்ல இயலாது. எனவே எண் இடவில்லை."

சட்டம் படித்தவன் நான். எச்சரிக்கையாக இருந்தவர் நீங்கள்.

அந்தப் பக்கத்தை அக்காவுக்கு வாசித்துக் காட்டி, என் தவற்றையும் சொன்னேன். கல்லைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப அவரு போவ மாட்டேன்னு நிக்கல. ஊற நேரமாவுது, அவ்ளோதான?"

"அவ்ளோதான்க்கா."

"இத மொதல்லயே பாத்துச் சொல்றதுக்கு என்ன, வக்கீலு?"

அன்று மதியம் இரண்டாம் முறை சோறு கேட்டாள். மறுபடி சடங்கு என்று வந்த சித்தப்பாவிடம், அவர் ஊறிக்கொண்டிருக்கிறார், தொந்தரவு செய்ய வேண்டாம் என்று சொல்லி, காபி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

கலியமூர்த்தி கேனில் கடல்நீர் கொண்டுவந்து கொடுத்தார். கிணற்றடியில் ஒரு வாளியில் கல் மிதந்தது. தினமும் காலையில் எழுந்ததும் அக்கா அது எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்து, பெங்களூரில் இருக்கும் செந்திலுக்குத் தொலைபேசியில் சொல்வாள். நடுநடுவே உங்கள் குறிப்பேடுகளைப் படிக்கத் தொடங்கினாள். இப்போது நான் ஏதாவது தப்பாகச் சொன்னால் திருத்துகிறாள்.

இனி நல்ல செய்தி. சென்ற வாரம் நான் நீதிமன்றத்துக்குக் கிளம்பும் நேரத்தில் அக்கா அழைத்தாள். "முழுகிட்டாருடா," என்றாள். குரலில் அழுகை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை செந்திலும் வந்தான். கலியமூர்த்தியின் படகில் நால்வரும் போனோம். செந்தில் முன்போலவே திரும்பிப் பாராமல் விட்டான். கல் நேராக இறங்கியது. மறுபடி மேலே வருகிறதா என்று நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"என்னா சார், வாய்தா கேக்குதான்னு பாக்குறீங்களா?" என்றார் கலியமூர்த்தி. முதலில் சிரித்தது அக்காதான்.

கரைக்குத் திரும்பும்போது அந்தப் பாரன் தீவைப் பார்க்க வேண்டும் என்றாள். விசாரித்தேன், தீவில் இறங்க விடமாட்டார்கள், கப்பலிலிருந்துதான் பார்க்க முடியும் என்கிறார்கள். தூரத்திலிருந்து புகை தெரிந்தால் போதும் என்கிறாள். அழைத்துப் போகிறேன், மச்சான். புகை தெரியும் என்று என்னால் உறுதி கூற இயலாது. அவள் பக்கத்தில் நிற்பேன் என்பதை உறுதி கூறுகிறேன்.

உங்கள் அலமாரியைக் காத்துவரும்,
உங்கள் மனைவியின் தம்பி.