ஏழாவது கட்டம்

ஷ்வாங்யூ கிராமம்
8 டிசம்பர் 1977

யாயாவின் அப்பாவுக்கு,

இங்கே நானும் குழந்தையும் நலம். அங்கே நீங்களும் நலமாக இருக்க வேண்டும். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வுக்குப் படிக்க நீங்கள் மாவட்டத் தலைநகருக்குப் போய் இன்றோடு பதினாறு நாள். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முந்தைய இரண்டும் கைக்குக் கிடைத்தனவா, தெரியவில்லை. பனியில் தபால் வண்டி எங்கேயாவது நின்றிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

இத்துடன் இயற்கணிதப் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கம் முதல் எழுபத்தாறு வரை பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். குதிரை வைத்தியர் வூ ஐந்து நாளில் புத்தகத்தைத் திருப்பிக் கேட்கிறார். பதினோரு வருஷம் அடைபட்டுக் கிடந்த தேர்வு ஒரே நாளில் திறந்துவிட்டதால், சுற்றுப்பட்டு ஊர்களில் படித்தவர்கள் எல்லோரும் அவர் வாசலில்தான் நிற்கிறார்கள். பொருள் புரியாமல்தான் எழுதினேன். எண்ணின் தலையில் சின்ன எண் உட்கார்ந்திருந்த இடத்தில் சின்னதாகவே எழுதியிருக்கிறேன். வளைகோடுகளைத் துணிச்செருப்புக்கு அளவு எடுப்பதுபோல ஊசியால் குத்திப் பதித்தேன். அறுபத்து மூன்றாம் பக்கத்தில் யாயாவின் முழங்கை பட்டு மை கொட்டிவிட்டது. அந்த வரியை மட்டும் நம்பாதீர்கள், உங்களோடு தங்கியிருக்கும் தோங்கிடம் கேட்டுச் சரிபாருங்கள்.

நீங்கள் அடுப்பங்கரைச் சுவரில் ஒட்டிய சூத்திரக் காகிதங்கள் அப்படியே இருக்கின்றன. முட்டைக்கோஸ் ஊறும் சாடிக்கு மேலே இருந்தது மட்டும் ஆவியில் கழன்று விழுந்தது, மறுபடி ஒட்டிவிட்டேன். யாயா அவற்றை அப்பாவின் படம் என்கிறாள்.

சீ வீட்டுச் செய்தியை மறைத்து வைக்க முடியாது. அவர்களுடைய மருமகள் ஃபாங், உங்களைப்போலவே ஷாங்காயிலிருந்து வயல்வேலைக்கென்று அரசாங்கம் அனுப்பி வந்தவள், தேர்வுக்குப் பெயர் கொடுத்துவிட்டுப் படிக்கப் போனாள் அல்லவா. போன வாரம் வந்தாள். பிள்ளைகள் இருவரையும் குளிப்பாட்டினாள், தன் பெட்டியை எடுத்துக்கொண்டாள், போய்விட்டாள். அவள் புருஷன் கிணற்றுப் பக்கம் உட்கார்ந்து உறைந்த தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கிறான். அவனைத் தனியாக விடக்கூடாது என்று முறை போட்டுக் காவல் இருக்கிறார்கள். அதிலிருந்து நான் மாவரைக்கப் போனால் பெண்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்கள். நேற்று பக்கத்து வீட்டுச் சாங் அண்ணி மட்டும் நேராகவே கேட்டாள்: “ஏண்டி சுன்யென், ராப்பகலா பக்கம் பக்கமா எழுதுறியாமே. புருஷன் ஏறிப் போறதுக்கு நீயே ஏணி கட்டிக் குடுக்கறியா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு மாவை எடுத்துக்கொண்டு வந்தேன்.

இருமல் நின்றதா? கடுகுப் பற்று போட்டுக்கொள்ளுங்கள். ஒரு வரி எழுதுங்கள்.

நீங்கள் நன்றாகத் தேற வேண்டும்.

சுன்யென்


ஷ்வாங்யூ கிராமம்
19 டிசம்பர் 1977

யாயாவின் அப்பாவுக்கு,

இதை டிராக்டர்காரர் லியூ கையில் கொடுத்து அனுப்புகிறேன். படிப்பை ஒரு நிமிடம் ஓரமாக வைத்துவிட்டு இதை முழுக்கப் படியுங்கள்.

முந்தாநாள் என் அப்பா, குழுத் தலைவர் என்ற முறையில், என்னைக் கிராம உற்பத்திக் குழு அலுவலகத்துக்கு வரச் சொன்னார். எந்த விஷயமானாலும் வீட்டில் சாப்பிடும்போது சொல்கிறவர், அலுவலகத்துக்கு வரச் சொன்னதுமே இது வீட்டு விஷயம் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேசைமேல் உங்கள் தேர்வு விண்ணப்பம் இருந்தது. விவரங்களைச் சரிபார்த்துக் குழுவின் முத்திரை குத்தித் திருப்பி அனுப்பும்படி அக்கரையிலுள்ள கம்யூன் அலுவலகத்திலிருந்து வந்திருந்தது. பத்தொன்பதாம் தேதிக்குள் போய்ச் சேராவிட்டால் தேர்வுச் சீட்டு இல்லை. அப்பா ஏழாவது கட்டத்தில் விரலை வைத்தார். திருமணம் ஆனவரா என்ற கேள்விக்கு இல்லை என்று எழுதியிருந்தது. உங்கள் கையெழுத்து எனக்குத் தெரியாதா? எனக்கு எழுதப் படிக்கச் சரியாகக் கற்றுக் கொடுத்ததே அந்தக் கைதானே.

கல்யாணமானவர்களைக் கடைசியில் கழித்துவிடுவார்கள் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு இருப்பதாக அப்பாவிடம் சொன்னேன். அதற்குப் பயந்துதான் எழுதியிருப்பீர்கள் என்றேன். அப்பா புகைக்குழாயைத் தட்டிச் சாம்பலைக் கொட்டினார். பிறகு, “பேச்சுக்குப் பயந்து எழுதினானோ, மனசுல இருந்ததை எழுதினானோ, அது அவனுக்குத்தான் வெளிச்சம். இதுல நான் முத்திரை குத்தினா எம் பொண்ணுக்குப் புருஷன் இல்லைன்னு நானே எழுதிக் குடுத்த மாதிரி. குத்தலைன்னா அவன் சாகற வரைக்கும் நம்ம சோளக்காட்டுலதான். என்னால முடியலம்மா. முத்திரை அந்த இழுப்பறைல இருக்கு. நான் மாட்டுக்கொட்டாய் வரைக்கும் போயிட்டு வரேன்” என்றார். வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நான் அந்த அறையில் எவ்வளவு நேரம் இருந்தேன் என்று தெரியாது. முத்திரை குத்தாமல் விட்டால் நீங்கள் இங்கேயே இருப்பீர்கள். ஆனால் அப்படி இருக்கிற உங்களையும் எனக்குத் தெரியும். ஐந்து வருஷம் பக்கத்தில் படுத்திருக்கிறேன். அறுவடை முடிந்த வயலில் நின்று ஷாங்காய் இருக்கும் தென்கிழக்கையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள், கூப்பிட்டால் கேட்காது. தேர்வு வருகிறது என்று ஒலிபெருக்கியில் சொன்ன அன்றைக்குத்தான், கல்யாணத்துக்குப் பிறகு முதல் தடவையாக, நீங்கள் என்னிடம் நிறுத்தாமல் பேசினீர்கள். அன்று நீங்கள் அடுப்பு ஊதியதையும் யாயாவைத் தோளில் தூக்கி வைத்துப் பெருக்கல் வாய்பாடு பாடியதையும் நினைத்தேன். இழுப்பறையைத் திறந்தேன். முத்திரை முதல் தடவை கோணலாக விழுந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று நேராகக் குத்தினேன்.

அந்தக் காகிதத்தை யார் கையிலும் கொடுக்க மனம் வரவில்லை. நேற்று நானே உறைந்த ஆற்றின் மேல் நடந்து கம்யூன் அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்தேன். நடு ஆற்றில் காலடியில் பனி விரிசல் விடும் சத்தம் கேட்டது. நின்றால் இன்னும் மோசம் என்று நடந்தேன். அலுவலகத்தில் இருந்த பெண் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, “நீங்க அவருக்குத் தங்கச்சியா?” என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இப்போது அவசரமான விஷயம். என் அண்ணனுக்கு இது எப்படியோ தெரிந்துவிட்டது. நேற்று முழுக்க அவன் யாரோடும் பேசவில்லை. இன்று காலை குதிரை வண்டியைப் பூட்டினான். உப்பு வாங்கப் போவதாகச் சொன்னான். வீட்டில் ஒரு சாடி நிறைய உப்பு இருக்கிறது. வைக்கோலுக்கு அடியில் எதையோ செருகியதை அண்ணி பார்த்திருக்கிறாள். நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு அழுதேன். “நீ உள்ள போ. அவன் கால் ரெண்டும் இருக்கிறதாலதானே ஓடப் பாக்கறான்” என்று மட்டும் சொன்னான். அவன் வழியில் பெரியம்மா வீட்டில் ஓர் இரவு தங்குவான். டிராக்டர் முந்திவிடும். நீங்கள் தங்கியிருக்கும் மாவு ஆலை அறையைவிட்டு உடனே வேறிடம் போய்விடுங்கள். வகுப்பு முடிந்தால் தனியாக வெளியே வராதீர்கள், தோங்கோடும் மற்றவர்களோடும் சேர்ந்தே நடங்கள். அவன் கெட்டவன் இல்லை. என்னை முதுகில் சுமந்து வளர்த்தவன், அதனால்தான் பயமாக இருக்கிறது.

ஏழாவது கட்டத்தைப் பற்றி நான் உங்களிடம் ஒன்றும் கேட்கவில்லை. தேர்வுக்கு இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. அதில் ஒரு நாளைக்கூட எனக்குப் பதில் எழுதி வீணாக்க வேண்டாம்.

ஆனால் பத்திரமாக இருக்கிறேன் என்று லியூவிடம் வாய்ச்சொல்லாகவாவது சொல்லி அனுப்புங்கள்.

சுன்யென்


ஷ்வாங்யூ கிராமம்
29 டிசம்பர் 1977

யாயாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தை ஷாங்காயில் உங்கள் அம்மா வீட்டு முகவரிக்கு எழுதுகிறேன். ரயிலில் உட்கார இடம் கிடைத்ததா? மூன்று நாள் பயணத்தில் இருமல் அதிகமாகியிருக்கும். உங்கள் அம்மாவுக்கு என் வணக்கம். அவர்களுக்கு என்னைப் பற்றி எவ்வளவு தெரியும் என்று எனக்குத் தெரியாது. தெரியாவிட்டால் வணக்கத்தைச் சொல்ல வேண்டாம்.

அண்ணன் மூன்று நாளுக்கு முன் திரும்பி வந்தான். உங்களை ஒன்றும் செய்யவில்லை என்பது தெரிந்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. நடந்ததை அவன் அண்ணியிடம்தான் சொன்னான், எனக்கு அவள் சொன்னாள். நீங்கள் அறையை மாற்றவே இல்லையாமே. அவன் கோடாரிக் காம்போடு கதவைத் தள்ளியபோது, ஆறு பேர் அணைந்த அடுப்பைச் சுற்றிக் குந்தியிருந்தீர்களாம். உங்கள் கையில் நான் எழுதிய பக்கங்கள் இருந்தனவாம். அவனைப் பார்த்தும் நீங்கள் எழுந்திருக்கவில்லையாம். “அடிக்கறதுன்னா தேர்வு முடிஞ்சப்புறம் அடிங்க மச்சான். வலது கையை மட்டும் விட்டுடுங்க” என்றீர்களாம். உதட்டில் ரத்தம் கட்டி, கன்னம் ஒட்டி இருந்த உங்களைப் பார்த்து அவனுக்குக் கை வரவில்லை. வெளியே போய்க் காம்பை உடைத்துக் கொண்டுவந்து அடுப்பில் போட்டானாம். அதோடு திரும்பியிருக்கலாம். ஆனால் தேர்வு முடியும்வரை அங்கேயே தங்கி விறகு தேடினான், வரிசையில் நின்று ஆறு பேருக்கும் ஆவி ரொட்டி வாங்கி வந்தான். இருமலில் உங்களுக்குத் தொண்டை கட்டியதும், சூத்திரங்களை உரக்கப் படித்துக் காட்டச் சொல்லி தோங்கை அதட்டினானாம். இரண்டாம் நாள் கடைசித் தேர்வு முடிந்தபோது பள்ளி வாசலில் வண்டியைப் பூட்டி, உங்களுக்காகத் தோல் போர்வை விரித்து வைத்திருந்தான்.

மூட்டையை எடுத்துக்கொண்டு வருகிறேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். அவன் நம்பினான். குதிரையின் மூக்கில் பனி கட்டும்வரை நின்றான். கடைசியில் தோங்தான் வந்து, நீங்கள் மாலை ஆறு மணி ரயிலில் ஏறிவிட்டதாகச் சொல்லி, யாயாவுக்கு என்று ஒரு பொட்டலம் மிட்டாய் கொடுத்தார். அண்ணன் இரவோடு இரவாக வண்டியை ஓட்டி வந்தான். வந்ததிலிருந்து என் முகத்தைப் பார்ப்பதில்லை. ஏமாந்தது நான் இல்லை, அவன்தான் என்பதுபோல் இருக்கிறான்.

ஊரில் யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. சாங் அண்ணி ஒரு கூடை உருளைக்கிழங்கு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நேற்று நான் தண்ணீர் எடுக்கப் போனபோது இரண்டு பெண்கள் பின்னாலேயே வந்தார்கள். என்னையும் காவல் காக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது. அதற்கு அவசியம் இல்லை என்று நீங்கள் நம்பலாம். யாயாவுக்கு மிட்டாயை ஒரு நாளைக்கு ஒன்றாகக் கொடுக்கிறேன். அப்பாவின் தேர்வு பெரியது, இன்னும் முடியவில்லை என்று சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்று. தேர்ச்சிப் பட்டியல் அடுத்த மாதம் வருமாம். அறிவிப்பு, பெயர் கொடுத்த இடத்துக்கு, அதாவது அப்பாவின் மேசைக்குத்தான் வரும். அதை யாராவது மறைத்துவிடுவார்களோ, கிழித்துவிடுவார்களோ என்று நீங்கள் அங்கே தூக்கமில்லாமல் இருப்பீர்கள். அப்பாவிடம் பேசிவிட்டேன். “வந்தா உங்கிட்டதான் குடுப்பேன்” என்றார். வந்த அன்றே ஆற்றைக் கடந்து போய்ப் பதிவுத் தபாலில் சேர்ப்பேன். ஆறு உருகத் தொடங்கியிருந்தால் பாலத்தைச் சுற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள்தான் கூடும்.

நீங்கள் தேற வேண்டும் என்று நான் எழுதியதெல்லாம் மனதோடு எழுதியதுதான். இப்போதும் அதையே எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அறிவிப்பை எந்த முகவரிக்கு அனுப்ப வேண்டும் என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள். நேரில் வந்து வாங்கிக்கொள்வதானாலும் சரி. கதவைத் தாழிடுவதில்லை.

சுன்யென்