பத்து டம்ளர் தண்ணீர்

பாப்பிரெட்டிப்பட்டி,
புதன்கிழமை.

அன்பு மகள் அனிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நான் சுகம், அங்கே மெல்போர்னில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க தினமும் ஜெபிக்கிறேன். போனில் எதை அனுப்பினாலும் கட்டைவிரல் படம் ஒன்று வருகிறது, அதோடு சரி. அதனால்தான் பேப்பரில் எழுதுகிறேன், இதற்குக் கட்டைவிரல் காட்ட முடியாது.

செல்லிக்கு இப்போது பரவாயில்லை. நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நம்மிடம் சாமை புடைக்க வருகிறவள், பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவள். நாம் விற்கும் சாமை அரிசி கூகுளில் மேலே வர என்னென்ன எழுதலாம் என்று திட்டம் போட நீ ஒரு ஏஐ ஏஜென்டை வைத்தாய், நல்லதுதான். ஆனால் வெப்சைட் பாஸ்வேர்டையும் அதனிடமே கொடுத்துவிட்டாய். சாமை தின்றால் சர்க்கரை குணமாகுமா என்று ஜனங்கள் அதிகம் தேடுகிறார்களாம், அதைக் கண்டுபிடித்து, குணமாகும், எனக்கே குணமானது என்று என் போட்டோவோடு என் பேரில் அதுவே போட்டுவிட்டது. இரண்டு வேளையும் மாத்திரை விழுங்குகிறவள் நான். செல்லியின் மருமகள் அதை வாசித்துக் காட்ட, இவள் மாத்திரையை நிறுத்திவிட்டாள், பதினெட்டாம் நாள் முறத்தோடு மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஏங்க்கா, உன் படம் போட்டு நீ சொன்னதாத்தான வந்துச்சி, உன்னய நம்பாம நான் வேற யார நம்பறது என்றாள். அது டெக்னிக்கல் மிஸ்டேக்மா என்று நீ போனில் சொன்னாயே, அந்தப் பதிலை நான் அவளிடம் சொல்லவில்லை.

அன்றே அதை எடுத்துவிட்டு, சொன்னது தவறு, மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று அந்த இடத்திலேயே போட்டேன். ஐந்தாவதோடு நின்றவள்தான், ஆனாலும் உட்கார்ந்து நானே எல்லாம் கற்றுக்கொண்டு பாஸ்வேர்டையும் மாற்றிவிட்டேன். இனி அது திட்டம் போடலாம், எழுதிக் காட்டலாம், ஆனால் நீயும் நானும் படித்து இரண்டு பேரும் சரி என்று அமுக்கினால்தான் வெளியே போகும். நோய் குணமாகும் என்றோ, நான் சொல்லாததை என் பேரிலோ எழுதக் கூடாது என்றும் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது காலையில் காபி குடிக்கும்போது அது என்னைக் கேட்கிறது, வாங்குகிறவர்கள் என்ன சந்தேகம் கேட்பார்கள், கல் இருக்குமா என்பார்களா, சோறு ஏன் குழைகிறது என்பார்களா என்று. உன் அப்பா போன பிறகு என்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை முதல் கட்டுரை வந்தது, சாமைச் சோறு குழையாமல் ஆக்குவது எப்படி என்று. ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் என்று சரியாகத்தான் எழுதியிருந்தது. நான் வேண்டுமென்றே அதை அழித்துப் பத்து டம்ளர் என்று மாற்றினேன். பத்து ஊற்றினால் கஞ்சியாகிவிடுமே, உறுதிதானா என்று அந்த ஏஜென்ட்கூட என்னைக் கேட்டது. உனக்கு அனுப்பினேன், ஒரே நிமிடத்தில் உன் சரி வந்துவிட்டது. சாமைச் சோறு தின்று வளர்ந்தவள் நீ.

கோபமில்லை என்று பொய் எழுதமாட்டேன். என் பங்கு சரியை நான் அமுக்கவில்லை. இந்தக் கடிதம் உன் கைக்கு வந்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பத்து மணிக்கு வீட்டில் இருப்பேன், நீ போன் செய்து முதல் வரியிலிருந்து வாய்விட்டுப் படி, நான் கேட்கிறேன். அப்புறம் பார்க்கலாம்.

மாதா உங்கள் இருவரையும் காக்கட்டும், குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. ஒன்றை மறக்காதே, திட்டத்தில் இன்னும் பதினோரு கட்டுரை இருக்கிறது, வாரத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றையும் இப்படியே போனில் படித்துக் காட்ட வேண்டும். அது தீர்ந்தால் மேலும் போடச் சொல்லிக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் அம்மா,
லூர்து மேரி