குச்சியின் வயிறு

மார்ச் 4, செவ்வாய்

மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று இரண்டு லென்ஸ் உடைந்தது. இரண்டும் என் கையில்தான். முதலாளி திட்டவில்லை, மூக்கை உறிஞ்சினார். திட்டியிருந்தால் தேவலை.

வீட்டுக்கு வந்தால் கூடம் முழுக்க நாற்றம். குச்சி மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். அக்கா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"நீ கூட்டிட்டு வந்த மகாராணி பண்ணின வேலையைப் பாரு" என்றாள்.

கூட்டி வந்தது நான்தான், மறுக்க முடியாது. ரேஸில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டு நாய்களை யார் போய்க் கேட்டாலும் தந்துவிடுகிறார்கள். ஓடாத நாய்க்கு அங்கே சோறு கிடையாது. எங்கள் முதல் நாய் பெரியவரும் அப்படி வந்தவர்தான், நாலு வருஷம் ஆகிறது. சோபாவில் நாலு காலையும் மேலே தூக்கிப் போட்டுத் தூங்குவதைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது. ஒரு துணை இருக்கட்டுமே என்று ஜனவரியில் இவளையும் கொண்டுவந்தேன். "இன்னொண்ணு வேண்டாம்டா, என் இடுப்பு தாங்காது" என்று அக்கா முதல் நாளே சொன்னாள். சொன்ன வாயாலேயே குச்சி என்று பெயரும் வைத்தாள்.

வந்த நாளிலிருந்தே வயிறு சரியில்லை. இடம் மாறினால் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். இரண்டு மாதமாகவா இடம் மாறிக்கொண்டிருக்கிறது?

மார்ச் 9, ஞாயிறு

டாக்டரிடம் காட்டினோம். சின்ன வயசுப் பெண். பொறுமையாக வயிற்றை அமுக்கிப் பார்த்தார், உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார், காதுக்குள் பச்சை குத்தியிருந்த ரேஸ் நம்பரைக் கூடப் படித்தார்.

"ரேஸ்லேர்ந்து வர்ற நாய்ங்களுக்குக் கொக்கிப்புழு சகஜம் சார். குடலைக் கடிச்சுப் பிடிச்சுட்டு ரத்தத்தைக் குடிச்சுட்டே இருக்கும்."

மாத்திரை கொடுத்தார். இரண்டு மூன்று நாள் கழித்துக் காலையில் போகும் மோஷனில் கொஞ்சம் டப்பாவில் எடுத்து வரச் சொன்னார். புழுவின் முட்டை இருக்கிறதா என்று பார்ப்பாராம்.

காலையில் நாய்கள் அக்கா பொறுப்பு. டெலிபோன் ஆபீஸில் வேலை பார்த்த பழக்கத்தில் விடியுமுன் எழுந்துவிடுவாள். இரண்டையும் பின்பக்க மண் தரையில் விட்டுவிட்டு நிற்பாள். நான் எழுந்து குளித்துக் கிளம்பவே நேரம் சரியாக இருக்கும். டப்பாவை அவளிடம் நீட்டினேன்.

"முப்பது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஊர்ல உள்ளவன் திட்டையெல்லாம் அள்ளினேன். இப்ப இதை அள்ளணுமா" என்றாள். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மார்ச் 12, புதன்

அக்கா டப்பாவை இரண்டு கவரில் சுற்றி வாசலில் வைத்திருந்தாள். தெரு முழுக்க அதைக் கை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு போனேன். கிளினிக்கில் கம்பவுண்டர் திறந்து பார்த்தார்.

"நல்லா கெட்டியா இருக்கே சார். மாத்திரை வேலை செய்யுது."

மத்தியானம் டாக்டர் போன் செய்தார். ஒரு முட்டைகூட இல்லை. இன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தேன் போல, முதலாளி என்ன விசேஷம் என்று கேட்டார். நாயின் மோஷன் கெட்டியானதை அவரிடம் எப்படிச் சொல்வது?

மாலையில் கூடத்தில் மறுபடியும் தண்ணீராக. காலையில் கெட்டி, மாலையில் தண்ணீர் — இது என்ன வயிறு?

மார்ச் 17, திங்கள்

குச்சிக்குக் கறுப்பாகப் போகிறது. தார் மாதிரி.

மார்ச் 21, வெள்ளி

இரண்டாவது டப்பா. அதிலும் ஒன்றும் இல்லை. கம்பவுண்டர் மறுபடியும் பாராட்டினார். டாக்டருக்கும் குழப்பம்தான். "அப்பப்ப கெட்டியாவும் போகுதுன்னா சாப்பாடு ஒத்துக்கலையோ என்னவோ" என்று சொல்லி, இனிமேல் வேகவைத்த கோழியும் சாதமும் மட்டும் கொடுக்கச் சொன்னார். அக்கா இரண்டு வேளையும் குக்கரை வைக்கிறாள். எலும்பை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து எடுக்கிறாள். பெரியவருக்கும் அதே சாப்பாடுதான். அவருக்கு நல்ல யோகம், ஒரு சுற்று பெருத்துவிட்டார்.

குச்சிக்கு இடுப்பு எலும்பு இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

மார்ச் 29, சனி

இந்த ஜாதி நாய்க்கு ஒரு பழக்கம். பிடித்தவர் காலோடு வந்து சாய்ந்து நிற்கும், முழு எடையும் நம் மேல். பெரியவர் என் மேல் சாய்வார். குச்சி அக்கா மேல்.

ஓட்டப்பந்தயத்தில் வளர்ந்ததற்குப் படி ஏறத் தெரியாது. அக்காதான் கற்றுக்கொடுத்தாள், ஒவ்வொரு காலாகத் தூக்கி வைத்து. இன்று குச்சி மாடிப்படியின் பாதியில் நின்றுவிட்டாள். ஏறவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை. அக்கா அங்கேயே உட்கார்ந்து அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். நான் கடையிலிருந்து வந்தபோதும் இருவரும் அப்படியே இருந்தார்கள்.

"தூக்கிட்டுப் போ. எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றாள்.

தூக்கினேன். கனமே இல்லை. பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 3, வியாழன்

மூன்றாவது டப்பாவும் சுத்தம்.

டாக்டர் என்னை உட்காரவைத்துப் பேசினார். புழு இல்லை, சாப்பாடும் காரணமில்லை, அப்படியென்றால் குடல் அழற்சியாகத்தான் இருக்கும் என்றார். ஸ்டீராய்டு எழுதிக் கொடுத்தார்.

"இது உடம்போட எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கும் சார். உள்ள புழு இருந்தா இதைக் கொடுக்கவே கூடாது. ஆனா மூணு தடவை பார்த்துட்டோம். தைரியமா கொடுக்கலாம்."

தைரியமாகக் கொடுத்தேன். மாத்திரையைக் கோழித் துண்டுக்குள் வைத்து என் கையாலேயே.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஈறு சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது. எழுந்தால் பின்னங்கால் நடுங்குகிறது. டாக்டருக்குப் போன் செய்தேன். நாளைக் காலை நாயோடு வாருங்கள், இன்னொரு மோஷனும் எடுத்து வாருங்கள் என்றார்.

சாயங்காலம் அக்கா துடைத்த ஈரத்திலேயே வழுக்கி விழுந்துவிட்டாள். வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள். நாளைக்கு நான்தான் எழுந்திருக்க வேண்டும்.

ஏப்ரல் 9, புதன்

இன்று நடந்ததை எழுதிவிடுகிறேன்.

காலையில் டப்பாவும் பிளாஸ்டிக் ஸ்பூனுமாகப் பின்பக்கம் நின்றேன். குச்சி முதுகை வளைத்து உட்கார்ந்தாள். வெறும் தண்ணீர், கறுப்புச் சிவப்பாக. நான் ஸ்பூனை நீட்டுவதற்குள் மண் குடித்துவிட்டது. மண்ணோடு வழித்தேன், மண்தான் வந்தது. மறுபடியும் அவள் உட்காரும்வரை காத்திருந்து, பின்னால் ஒரு தட்டைப் பிடித்து, சொட்டுச் சொட்டாக வாங்கினேன்.

இரண்டடி தள்ளிப் பெரியவர் தன் வேலையை முடித்திருந்தார். கெட்டியாக, உருண்டையாக, கையால் எடுத்துக் கொடுக்கலாம் போல.

நல்லா கெட்டியா இருக்கே சார்.

ஸ்பூனும் கையுமாக எத்தனை நேரம் நின்றேனோ. ஜன்னலில் அக்கா நின்றிருந்தாள். நான் அவளை ஒன்றும் கேட்கவில்லை. குச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

டாக்டர் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார். "எண்ண முடியல சார். அவ்வளவு முட்டை. மூணு தடவை இல்லாதது எப்படி திடீர்னு வந்துச்சு?"

எப்படி வந்தது என்று சொன்னேன். அவர் முகம் போன போக்கை எழுத மாட்டேன். ஸ்டீராய்டை நிறுத்தினார். ரேஸ் நாய்களின் புழு சாதாரண மருந்துக்கு அசையாதாம், மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்க வேண்டுமாம். "நானும் ஒரு தடவையாவது இங்கயே நேரா எடுத்துப் பார்த்திருக்கணும்" என்றார். குச்சியை அங்கேயே வைத்துக்கொண்டார்கள்.

ஏப்ரல் 10, வியாழன்

கேட்டுவிட்டேன். அக்கா அடுப்படியில் இருந்தாள்.

"ஆமா, பெரியவரோடதுதான் வச்சேன்" என்றாள். ஒளிக்கவில்லை. "நானும் முதல்ல அவளோடதைத்தான் எடுக்கப் பார்த்தேன். குனியறதுக்குள்ள மண்ணுல ஊறிப்போவுது. எதை அள்றது? மண்ணையா டப்பால போட்டுக் கொடுக்கறது? ரெண்டும் ஒரே வீட்டு நாய். ஒரே சட்டியில திங்குது, ஒரே இடத்துல போவுது. ஒண்ணுக்கு இருந்தா இன்னொண்ணுக்கும் இருக்கும்னு நினைச்சேன்."

"பெரியவருக்கு மாசாமாசம் புழு மாத்திரை கொடுக்கறேன்க்கா. அவருக்கு எப்படி இருக்கும்?"

"அது எனக்கு எங்கடா தெரியும்? யாரு சொன்னா?"

யாரும் சொல்லவில்லைதான். அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. "முதல் நாளே அவ வேண்டாம்னு சொன்னவதானே நீ" என்றேன்.

அக்கா கட்டுப் போட்ட கையோடு அடுப்பை அணைத்தாள்.

"மூணு தடவை நீதான் தூக்கிட்டுப் போன. சாயங்காலம் கூடத்துல கிடக்கறதை நீயும்தான் பார்க்கற. அவளுக்கு எப்படிப் போவுதுன்னு உனக்குத் தெரியாதா? ஒரு நாளாவது அந்த டப்பாவைத் திறந்து பார்த்தியாடா?"

இல்லை. திறக்கவில்லை. கை நீட்டித் தூரப் பிடித்துக்கொண்டு போனேன்.

ஏப்ரல் 12, சனி

குச்சிக்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். பெரியவரைக் கொண்டுபோனேன். பரிசோதித்துவிட்டு, எடுக்கலாம் என்றார் டாக்டர். கழுத்தில் முடியை மழித்து ஊசி போட்டார்கள். அவர் அசையவில்லை, என் மேல் சாய்ந்துகொண்டே படுத்திருந்தார். பக்கத்து மேஜையில் அவர் ரத்தம் குச்சிக்குள் இறங்கியது.

அக்கா வரவில்லை. வா என்று நான் கூப்பிடவும் இல்லை.

ஏப்ரல் 14, திங்கள்

ஈறில் கொஞ்சம் நிறம் வந்திருக்கிறது. என்னைப் பார்த்து வாலை ஒரு தடவை ஆட்டினாள். வீட்டுக்கு வந்து கூடத்தில் நின்று, "இன்னைக்கு வாலை ஆட்டினா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் போன் வந்தது.

குச்சி போய்விட்டாள். விடிகிற நேரத்திலாம். மருந்து சரியாகத்தான் வேலை செய்ததாம், உடம்பில்தான் ஒன்றும் மிச்சம் இல்லையாம்.

அக்காவிடம் நான் சொல்லவில்லை. போனை வைத்த விதத்திலேயே தெரிந்துகொண்டாள். மாடிப்படியில், அன்று உட்கார்ந்திருந்த அதே படியில் போய் உட்கார்ந்தாள். அழுதாளா என்று பார்க்கவில்லை. எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. அவள் மேல் அவ்வளவு கோபம் இருந்தது, என் மேல் அதைவிட.

ஏப்ரல் 24, வியாழன்

வீட்டில் பேச்சு இல்லை. தட்டை வைத்துவிட்டு டொக்கென்று தட்டுகிறாள், நான் போய்ச் சாப்பிடுகிறேன். இரண்டு பேர் இருக்கும் வீட்டில் பெரியவரிடம் மட்டும்தான் எல்லாரும் பேசுகிறோம். "குளிக்கத் தண்ணி சூடா இருக்குன்னு சொல்லு" என்கிறாள் அவரிடம். "கடைக்கு நேரமாச்சுன்னு சொல்லு" என்கிறேன் நான். அவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு சோபாவுக்குப் போய்விடுகிறார்.

அவர் இன்னும் வாசல் சத்தம் கேட்டால் ஓடிப் போய் நிற்கிறார். யாரை எதிர்பார்க்கிறாரோ.

மே 2, வெள்ளி

டாக்டர் கூப்பிட்டார். பின்பக்க மண்ணில் குஞ்சுப் புழுக்கள் மாதக்கணக்கில் கிடக்குமாம், பாதத்தின் வழியாகவே ஏறிவிடுமாம். மாத்திரையை மட்டும் நம்பினால் பெரியவருக்கும் இதே கதிதான் என்றார். மேல் மண்ணை வெட்டி எடுத்துவிட வேண்டும். நாய் மோஷன் போனதும் உடனே அள்ள வேண்டும். மாதம் ஒரு முறை மோஷன் பார்க்க வேண்டும்.

இதைப் பெரியவரிடம் உரக்கச் சொன்னேன், அடுப்படிக்குக் கேட்கும்படி.

மே 11, ஞாயிறு

மண்வெட்டி வாங்கி வந்து காலையிலேயே ஆரம்பித்தேன். சுவரோரமாக வெட்டிக்கொண்டு போனேன். கொஞ்ச நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து சுரண்டும் சத்தம். அக்கா, பழைய தோசைச் சட்டுவத்தால், ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு. கட்டுப் பிரித்த கை இன்னும் வீக்கமாகத்தான் இருக்கிறது. போ என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை.

நடுவில், குச்சி வழக்கமாக உட்காரும் இடத்துக்கு, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். அக்கா சட்டுவத்தைக் கீழே வைத்தாள். நான் வெட்டினேன். அந்த இடத்தை மட்டும் ஆழமாகவே வெட்டினேன். மூட்டைகளை வெளியே கொண்டுபோய்ப் போட்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது.

மே 19, திங்கள்

பெரியவருக்கு இன்று சோதனை. சீக்கிரம் எழுந்தேன், ஆனால் அக்கா முந்திவிட்டாள். ஜன்னலில் நின்று பார்த்தேன். புதிதாகப் போட்ட சரளைக் கல் மேல் பெரியவர் நடக்க, அவர் பின்னாலேயே அவளும் நடந்தாள், இடுப்பில் ஒரு கை, இன்னொரு கையில் ஸ்பூன். அவர் உட்கார்ந்தார். அவள் மெதுவாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். நிமிர அதைவிட நேரம் ஆனது.

நான் சட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தபோது டப்பா அங்கே இருந்தது. கவர் சுற்றவில்லை. மேலே ஒரு காகிதம் ஒட்டி, பெரியவர் என்று அவள் கையெழுத்தில். எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினேன்.

"டேய்."

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, அந்தக் குரல் என்னைக் கூப்பிட்டு. திரும்பினேன். அக்கா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர் அவள் காலோடு சாய்ந்திருந்தார். அவள் மேல் அவர் இதுவரை சாய்ந்ததே இல்லை.

"திறந்து பார்த்துட்டு எடுத்துட்டுப் போ" என்றாள்.

வாசலிலேயே நின்று மூடியைத் திறந்தேன். பார்த்தேன். அவளிடமும் நீட்டிக் காட்டினேன். அவளும் குனிந்து பார்த்துவிட்டு, சரி என்று தலையை ஆட்டினாள். மூடிக்கொண்டு கிளம்பினேன்.