மருந்துக்கு முன் சொன்னது

அன்புள்ளவனே,

பார்லி சூப் அடுப்பில் இருக்கிறது. நான் பாசெல் நகரில், தங்கை வீட்டில் இருப்பேன்.

நேற்று நம் சிகிச்சை அறையில், மனத்தைத் திறக்கும் அந்த மாத்திரையை விழுங்கும் முன் நம் நோயாளி ரெகுலா என்ன சொன்னாள்? "மருந்து ஏறினதும் நானே கெஞ்சினாலும் என்னைத் தொடாதீங்க." நீதான் அதை எழுதிக் கையெழுத்து வாங்கினாய்.

மூன்றாம் மணி நேரத்தில் அவள் அழுதபடி கை நீட்டினாள். நான் உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "விடு, பாவம் தவிக்கிறா," என்று உதறிவிட்டுப் போய் அவளை அணைத்துக்கொண்டாய். உன் முகத்தில் இரக்கம் மட்டுமே இருந்தது. அதை யார் கேட்டாலும் சொல்வேன்.

இன்று காலை போனில் அவள், "டாக்டர், என்னை யாராவது தொட்டாங்களா? கனவா நிஜமான்னு தெரியல," என்றாள். நீ எதிரே நின்று, இல்லையென்று சொல்லும்படி தலையசைத்தாய். நானும் "இல்லை" என்றேன்.

சின்ன வயதில் அவளுக்கு நடந்ததையும் வீட்டில் எல்லோரும் இல்லை என்றுதான் சொன்னார்கள். அந்தக் காயத்தோடுதான் நம்மிடம் வந்தாள்.

மதியம் அவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். அறையில் பதிவான வீடியோவை நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பிவிட்டேன். என் பொய்யையும் எழுதியிருக்கிறேன்.

உண்மையைக் கேட்டதும் அவள், "அப்போ எனக்குப் பைத்தியம் இல்ல," என்றாள்.

இன்னமும்,
உன் மனைவி