இரண்டாம் பாகத்துக்கு அண்ணன் சிரித்த சிரிப்பு

ஞாயிறு, இரவு.

அண்ணனைக் கொஞ்சம் சிரிக்க வைக்கலாம் என்றுதான் கலஹாவிலிருந்து கண்டிக்கு வரச்சொல்லிப் படத்துக்குக் கூட்டிப் போனேன். படமா அது! நிலாவில் தேத்தண்ணீர்க் கடை போட்டவன் கதையின் இரண்டாம் பாகம். முதல் பாகத்தில் தேத்தண்ணீர் கோப்பையை விட்டு மிதந்து போகும். கடைக்காரன் வாயைத் திறந்தபடி அதன் பின்னால் பறப்பான். அன்று அண்ணன் சிரித்துச் சிரித்துக் கதிரையிலிருந்தே சரிந்துவிட்டார். இப்போது கடை செவ்வாய்க் கிரகத்தில் இருக்கிறது. அதே தேத்தண்ணீர், அதே வாய். தியேட்டரில் ஒருவரும் சிரிக்கவில்லை. அண்ணன் மட்டும் சத்தமாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். பாவம், ஒன்றும் தெரியாத மனிதர் என்று நினைத்தேன்.

போன வாரம் டொக்டர் என்னிடம் ஆங்கிலத்தில்தான் சொன்னார். அண்ணனுக்குப் புற்றுநோய், முற்றிவிட்டது. ஆங்கிலம் தெரியாத அவரிடம் வயிற்றுப் புண் என்று மாற்றிச் சொன்னேன். லீவுக்கு வேண்டுமே என்று டொக்டர் தந்த ஆங்கிலக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தும் விட்டேன். அவர் வேலை செய்யும் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் அதை வாசிப்பார்கள் என்பது இந்த மரமண்டைக்குத் தோன்றவில்லை.

கலஹா பஸ்ஸில் ஏறும்போதுதான் அண்ணன் சொன்னார்.

"ஆபீசு பெரிய கிளாக்கரு கடிதாசிய வாசிச்சுச் சொல்லிட்டாருடா."

"அப்ப படத்துல ஏண்ணே அப்பிடிச் சிரிச்சீங்க?"

"நீ படத்தப் பாக்காம என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தியே. நான் வேற என்ன செய்ய?"