ஒட்டணும், கடிக்கக் கூடாது

இன்று காலை நம் மகள் ஷீலா ஒரு பை நிறைய அவரைக்காய் வாங்கி வந்தாள். பனி இன்னும் விலகவில்லை. பையைப் பிரித்ததும் அந்த வாசனை, இந்த ஊரில் சொகடு என்பார்களே, அது வீடெல்லாம் பரவிவிட்டது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து உரித்தோம்.

"ஏம்மா, உன் இடது கட்டைவிரல் என்ன மகாராணியா? எப்பவும் ஒதுங்கியே உக்காந்திருக்கு" என்றாள்.

"அது உங்கப்பாவோடது" என்றேன்.

அவள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அவளுக்கு முழுக்கதை தெரியாது. நீங்கள்தான் யாரிடமும் சொல்லக்கூடாது என்றீர்களே.

நம் காக்ஸ் டவுனில் எத்தனை கடை, எத்தனை விதமான பிளேடு! உங்களுக்கு மட்டும் சவரத்துக்கு அந்த மடக்குக் கத்திதான் வேண்டும். விடிந்ததும் பின்கட்டுக் குழாயடியில் கல்லை நனைத்துத் தீட்ட ஆரம்பிப்பீர்கள். அந்தச் சத்தம் என் அரைத்தூக்கத்துக்குள் வரும். யாரோ பட்டுப்புடவையை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து வைப்பது போல இருக்கும். எனக்கு அது நின்றால்தான் விழிப்பு வரும். நின்றால், நீங்கள் விரல் வைத்துப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

பீன்யா தொழிற்சாலையில் நாள் முழுக்க இரும்பைத் தடவிப் பார்த்துத் தேறுமா தேறாதா என்று சொல்லும் வேலை. "என் விரலுக்குக் கண்ணு இருக்குடி" என்று பீற்றிக்கொள்வீர்கள். அந்தக் கண்ணுக்கு என் சமையலறை உப்பு டப்பா மட்டும் ஒருநாளும் தெரிந்ததில்லை.

பிறகு உங்களுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஒருநாள் கொதிக்கக் கொதிக்கக் காப்பி கொடுத்தேன். டம்ளரைத் துண்டில் சுற்றிப் பிடிக்கிற மனுஷன், வெறுங்கையால் பிடித்துக்கொண்டு பேப்பர் படித்தீர்கள். அந்த வாரமெல்லாம் உங்கள் தாடையில் சிவப்புப் பொட்டுகள்.

சலூனுக்குப் போகலாமே என்று மெல்லச் சொன்னேன். எவ்வளவு கோபம்! "இன்னைக்கு மொகத்தக் குடுத்தா, நாளைக்கு சோறும் ஊட்டிவிடுவீங்க." அன்றுதான் எனக்குப் புரிந்தது. விட்டுக்கொடுக்காமல் நீங்கள் பிடித்து வைத்திருந்தது கத்தியை மட்டுமல்ல.

மறுநாள் குழாயடியிலிருந்து கூப்பிட்டீர்கள். முகத்தை எங்கோ திருப்பிக்கொண்டு, "இதக் கொஞ்சம் பாரேன். எனக்கு விரல் மரத்துப்போச்சு" என்றீர்கள். விளிம்போடு இழுக்காமல், குறுக்காகக் கட்டைவிரலை லேசாக வைக்கச் சொன்னீர்கள். "மழுங்கியிருந்தா வழுக்கும். பிசிறு இருந்தா கடிக்கும். சரியா இருந்தா விரல்ல ஒட்டும்."

அதற்குப்பின் தினமும் நமக்குள் அதே பேச்சு.

"ஒட்டுதா?"

"ஒட்டுதுங்க."

"கடிக்கலையே?"

"கடிக்கல."

வேறு பேச்சு இல்லாத நாட்களிலும் இது இருந்தது. சண்டை போட்ட நாட்களில் நான் "ங்க"வை மட்டும் விட்டுவிடுவேன்.

அடுத்து வந்த அவரைக்காய்ப் பருவத்தில்தான் கூத்து. நான் காய் உரித்துக்கொண்டிருந்தபோது கூப்பிட்டீர்கள். கையை முந்தானையில் துடைத்துவிட்டு ஓடிவந்து விரலை வைத்தேன். அற்புதமாக ஒட்டியது. "இன்னைக்குப் பிரமாதம்" என்றேன். முதல் இழுப்பிலேயே நீங்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டம்மா எட்டிப் பார்த்தார்கள். கத்தி மொட்டை. ஒட்டியது அவரைக்காய்ப் பிசின்! என் கையை மோந்து பார்த்துவிட்டு, பாதி முகம் நுரையோடு நீங்கள் சிரித்த சிரிப்பு இப்போதும் அந்தக் குழாயடியில் இருக்கிறது.

அன்று என் இடது கட்டைவிரலைப் பிடித்து, "இது இனிமே என்னுது. சமையல்கட்டுக்குக் குடுக்காத" என்றீர்கள். அதிலிருந்து அது காய் உரித்ததில்லை, பாத்திரம் தேய்த்ததில்லை.

போன மழைக்காலத்தில் உங்களை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து முன்னறையில் கிடத்தினார்கள். முகமெல்லாம் வெள்ளை முள். அடக்கத்துக்காக உங்களுக்குக் கோட்டு போட்டுவிட வந்தவர் பையிலிருந்து மஞ்சள் பிளாஸ்டிக் ரேசரை எடுத்தார். "இருங்கய்யா" என்றேன்.

"பேகா முடிச்சிடலாம்மா, சர்ச்சுக்கு நேரமாச்சு" என்று அவசரப்படுத்தினார். ஷீலாவும் என் தோளைப் பிடித்தாள். நான் குழாயடிக்குப் போய்விட்டேன்.

தீட்டுவது எப்போதும் உங்கள் வேலை. நான் கல்லைத் தொட்டதே இல்லை. முதலில் வழுக்கியது. மறுபடி தீட்டினேன், கடித்தது. தோல்வாரில் இழுத்து இழுத்து, இடது விரலை வைத்தேன். ஒட்டியது. பழக்கத்தில் உள்ளே திரும்பி, "ஒட்டுதுங்க" என்று உரக்கச் சொல்லிவிட்டேன். முன்னறையில் ஜெபப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். உங்கள் அடுத்த கேள்விக்காக நான் அங்கேயே நின்றேன். அது வரவில்லை. வந்து, உங்கள் முகத்தை நானே மழித்தேன். ஒரு சிவப்புப் பொட்டு இல்லை.

இன்று காய் உரித்து முடித்ததும் குழாயடிக்குப் போனேன். வலது கை முழுக்கச் சொகடு. இடது விரல் சுத்தமாக இருந்தது. கல்லை நனைத்துக் கத்தியைத் தீட்டினேன். சத்தம் பனிக்குள் போய்க்கொண்டே இருந்தது. நிறுத்த மனம் வரவில்லை. நிறுத்தி, விரல் வைத்துப் பார்த்தேன்.

ஒட்டுதுங்க.

கடிக்கல.